கடற்கரையோரத் தீவுக் கேபினில் தங்குவதற்கு என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி இதுதான்: வெப்பமண்டலத் தீவு ஒன்றில், கடற்கரையை ஒட்டிய மரக் கேபினில் குடும்பத்தோடு நான்கு இரவு தங்கப் போகிறோம். கூடாரம் அடிக்கும் வேலை இல்லை. அப்படியானால் துணிமணி தவிர வேறென்ன தயாரிப்பு வேண்டும்?

கூடாரத்தைவிடக் கேபினில் கூடுதலாகக் கிடைப்பது ஒழுகாத கூரையும் தரையை விட்டு உயர்ந்த படுக்கையும்தான். மழையையும் தரை ஈரத்தையும் அது பார்த்துக்கொள்ளும். காற்றில் இருக்கும் ஈரம், உப்பு, பூச்சி, குடிதண்ணீர் ஆகியவற்றை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கேபின் என்றதும் லாட்ஜ் அறையை நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் இரண்டாம் நாளே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.

முன்பதிவு செய்யும்போது எத்தனை அடியில் கடல் என்று கேட்பதைவிட முக்கியமான கேள்விகள் உண்டு. மெத்தை, விரிப்பு தருவார்களா, வெறும் கட்டில்தானா? ஜன்னலில் வலை இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா? கரண்ட் எத்தனை மணி நேரம்? தண்ணீர் கிணற்றிலிருந்தா, மழைத் தொட்டியிலிருந்தா? எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் உண்டா? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரே பக்கம் ஜன்னல் வைத்த கேபினுக்குள் காற்று நுழையும், ஆனால் வெளியேற வழி இல்லை. அங்கே ராத்திரி தூங்க முடியாது.

தீவின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வெப்பமண்டலத்தில் வணிகக் காற்று வட அரைக்கோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வீசும். தீவில் மலை இருந்தால் காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் மழையும் அலையும் அதிகம், பூச்சி குறைவு. மறுபக்கம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், புகைப்படத்துக்கு அழகு. ஆனால் புழுக்கமும் பூச்சியும் அங்கேதான். சின்னப் பிள்ளைகள் கடலில் விளையாட வேண்டும் என்றால் அமைதியான பக்கம் போங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது காற்றுப் பக்கத்தைத்தான். கேபினுக்குப் பின்னால் அலையாத்திக் காடோ சேற்று ஓடையோ இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று, ராத்திரியில் பெரும்பாலும் திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்கு வீசும். அந்தச் சதுப்பின் பூச்சி முழுவதும் உங்கள் வாசலுக்கு வந்துசேரும்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலில் மேலே. தென்னை மரத்தடியில் நாற்காலியோ தொட்டிலோ போடக் கூடாது. காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டையும் காற்றே இல்லாத நேரத்தில்கூட விழும். அடுத்து மணலில் காய்ந்த பாசி, குச்சி, பிளாஸ்டிக் எல்லாம் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடு. கடைசியாகக் கடல் ஏறிய இடம் அது. கடல் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும், ஆகவே ஏற்ற நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம் தள்ளிப்போகும். சில கடற்கரைகளில் நாளுக்கு ஒரு ஏற்றம்தான் உண்டு, அங்குள்ள ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டொரு நாள் வழக்கத்தைவிட மேலே வரும். செருப்பு, துண்டு, ஐஸ் பெட்டி எதையும் அந்தக் கோட்டுக்குக் கீழே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இனி பூச்சி. கொசு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, மணல் ஈ என்று பொதுவாகச் சொல்லப்படும், கண்ணுக்கே சரியாகப் படாத பொடிப் பூச்சி. வழக்கமான கொசுவலையின் கண் 1.2 மி.மீ. அளவு இருக்கும், இந்தப் பொடிப் பூச்சி அதற்குள் தாராளமாக நுழைந்துவிடும். இன்னும் நெருக்கமாக நெய்த வலை வேண்டும். அது கிடைக்காவிட்டால் மின்விசிறி போதும். இந்தப் பூச்சிக்குப் பறக்கும் பலம் மிகக் குறைவு, கால்மாட்டிலிருந்து படுக்கை நெடுக வீசும் விசிறிக் காற்றை எதிர்த்து வராது. ஆனால் மேலே சுழலும் விசிறி கட்டிலுக்கு அடியில் ஒன்றும் செய்யாது, கணுக்கால் கடி அங்கிருந்துதான் வரும். கரண்ட் ராத்திரியில் நிற்கும் இடமானால் சார்ஜ் செய்யும் விசிறி ஒன்று எடுத்துப் போங்கள். கொண்டுபோவதில் அதிகம் உபயோகப்படுவது அதுதான்.

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் முன்பும். வாளி, தேங்காய்த் தொட்டி, குடுவை மூடி என எதில் தண்ணீர் தேங்கினாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். வந்த அன்றே கேபினைச் சுற்றி நடந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். உடம்பில் பூசும் பூச்சிவிரட்டியில் 20 முதல் 30 சதவீத டீட், அல்லது 20 சதவீத பிகாரிடின் என்ற மருந்து இருக்க வேண்டும். சன்ஸ்க்ரீன் முதலில், அது ஊறிய பிறகு இது. டீட் பட்ட பிளாஸ்டிக் இளகிவிடும் என்பதால் பூசிய கையோடு மூக்குக்கண்ணாடியையோ வாட்ச்சையோ தொடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு டீட் பூசக் கூடாது, வலை மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட ஆளைச் சலிக்கவைப்பது ஈரம். கடலில் நனைந்த துண்டைக் கொடியில் போடுகிறீர்கள், மத்தியானம் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. ராத்திரி ஏழு மணிக்குத் தொட்டால் மறுபடி பிசுபிசுப்பு. மழை பெய்யவில்லை, யாரும் நனைக்கவும் இல்லை. துண்டில் தங்கிய உப்புதான் காரணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே இழுக்கத் தொடங்கிவிடும். தீவில் ராத்திரி ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80-ஐத் தாண்டும். ஆகவே கடலில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் அது காய்ந்த துணி ஆகாது. இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் பிழிந்தால் போதும். பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு வெளியே கிடப்பது பனியைத்தான் குடிக்கும்.

ராத்திரி உடுப்பு ஒரு செட்டைத் தனியாக, காற்றுப் புகாத ஜிப் பையில் வையுங்கள். மற்ற எல்லாம் ஈரமானாலும் அதைத் தொடக் கூடாது. படுக்கும் முன் நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவிவிட்டு அதைப் போட்டுக்கொண்டால்தான் தூக்கம் வரும். உப்புத் தோலோடு படுத்தால் விரிப்பிலும் உப்பு ஏறும், மறுநாள் ராத்திரி விரிப்பே ஈரம் இழுக்கும். தூக்கப்பை வேண்டாம், ஆளுக்கு இரண்டு பருத்தி விரிப்பு எடுத்துப்போங்கள், ஒன்று கீழே, ஒன்று மேலே. மெத்தையைக் காலையில் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்காது.

உலோகத்துக்கும் இதே கதிதான். பையின் ஜிப் பித்தளையோ இரும்போ ஆனால் நான்கு நாளில் இறுகிவிடும். போகும் முன் மெழுகுவர்த்தியால் பல்லின் மேல் தேய்த்துவிட்டால் ஓடும். பூட்டுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய். கேமராவை ஏசி அறையிலிருந்தோ வண்டியிலிருந்தோ எடுத்ததும் வெளியே திறந்தால் லென்ஸில் நீர் பூக்கும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள்.

மணல் தனிக் கதை. வாசற்படியில் ஒரு தட்டையான தொட்டியில் தண்ணீர் வைத்து, காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே என்று விதி போட்டுவிடுங்கள். ராத்திரி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், முன்பு சொன்ன கொசுக் காரணம்தான்.

தண்ணீருக்கு வருவோம். சின்னத் தீவுகளில், குறிப்பாக மணலும் பவளப்பாறையும் ஆனவற்றில், நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரம் என்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. தலைகீழாகப் பாருங்கள்: மேல்மட்டம் அரை அடி இறங்கினால் கீழே உப்பு 20 அடி ஏறிவரும். அதனால்தான் மோட்டாரைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் போடுகிறார்கள். அது கஞ்சத்தனம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் கரித்தால் காய்ச்சியும் பயனில்லை, கிருமி சாகும், உப்பு அப்படியேதான் இருக்கும். மழைத் தொட்டித் தண்ணீர் கூரை வழியாக வருவது, கூரையில் பறவை எச்சம் உண்டு. தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். சமையலுக்குத் தனியாக ஒரு லிட்டர். படகு ஒரு நாள் வராமல் போகலாம், ஆகவே ஒரு நாளுக்குக் கூடுதலாக. வயிற்றுப்போக்கோ வெயில் சோர்வோ வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். கூடினால், குழந்தைகளுக்கு முக்கியமாக, ஆபத்து. வாங்கிய பொட்டலம் இருந்தால் இன்னும் நல்லது.

சமையலில் ஒரே ஒரு கண்டிப்பு: மழை பெய்தாலும் அடுப்பைக் கேபினுக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தலைவலி வரும்போதே தாமதமாகியிருக்கும். ஜெனரேட்டரும் ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வராந்தாவில் காற்று மறைவில் சமையுங்கள். கேஸ் குப்பியின் தலையிலேயே திருகும் அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு முழுவதும் மூடி வைத்தால் குப்பி சூடேறி வெடிக்கும். சாப்பாட்டை எலி எட்டாத தகர டப்பாவில் வையுங்கள், பிளாஸ்டிக்கை ஒரே ராத்திரியில் ஓட்டை போட்டுவிடும். ஐஸ் பெட்டி இரண்டு இருந்தால் ஒன்று குடிபானத்துக்கு, இன்னொன்று உணவுக்கு. எந்நேரமும் திறக்கும் பெட்டியில் மீனோ இறைச்சியோ தாங்காது. பெரிய பாறை மீன் எதையும் உள்ளூர் ஆட்களிடம் கேட்காமல் சமைக்காதீர்கள். பவளப்பாறை மீன்களில் சேரும் சிகுவாடெரா நஞ்சு கொதித்தாலும் பொரித்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது.

கடலில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் கருத்துத் தெரிந்தால், அமைதியான இடம் என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. இழுத்தால் கரையை நோக்கி நீந்தி முட்டிமோதாமல் மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். பாறைப் பகுதியில் தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு வேண்டும். கல் மாதிரியே அசையாமல் கிடக்கும் நஞ்சு முள் மீனான கல்மீனின் முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி குறையும். நீரின் சூட்டைக் குத்துப்படாத காலில் முதலில் பாருங்கள், வலியில் வெந்துபோவது தெரியாது. அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும். பவளம் கீறிய காயம் சின்னதாகத் தெரிந்தாலும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் சீழ் பிடிக்கும்.

நிலம் 20 விநாடிக்கு மேல் ஆடினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். அந்த மேடு எது, எப்படிப் போவது என்பதை முதல் நாள் வெளிச்சத்திலேயே ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

வெளிச்சம் என்றதும் ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீளாது. மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் விளக்கு வேண்டிய அளவுக்கு இருட்டிவிடும். மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேரும்படி படகைப் பாருங்கள். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, சிவப்பு வெளிச்சமும் உள்ளதாக. ஆமை முட்டையிடும் கரையானால் கடலைப் பார்த்த வராந்தா விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் குஞ்சுகள் கடலை விட்டு உங்கள் பக்கம் ஊர்ந்துவரும்.

பிள்ளைகள் சங்கு பொறுக்கியிருந்தால் கிளம்பும் முந்தைய ராத்திரி அவற்றைக் கரையோரம், கடல் ஏறும் கோட்டுக்கு மேலே மணலில் பரப்பி வையுங்கள். உள்ளே துறவி நண்டு குடியிருந்தால் காலையில் அந்தச் சங்கு அங்கே இருக்காது.