கறி வாடைக்கு மசாலா மருந்தல்ல

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கிறேன். கணவரின் நண்பர் நவம்பர் வேட்டையில் கிடைத்த மான் கறி கொடுத்தார். ஒரு பொட்டலம் முதுகுக் கறி, இன்னொன்று முன்னந்தொடை. முதுகுக் கறியில் பாதியை மசாலா தூக்கலாகப் போட்டு குக்கரில் ஆறு விசில் விட்டேன். வாடையும் போகவில்லை, கறியும் நார் நாராகிவிட்டது. மீதியை என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த மானைப் பரிசோதித்தார்களா என்று நண்பரிடம் கேளுங்கள். உங்கள் மாநிலக் காட்டு மான்களில் சி.டபிள்யு.டி. என்ற நலிவு நோய் 2002லிருந்து இருக்கிறது. நோயுள்ள மானின் கறியை உண்ண வேண்டாம் என்பதே அங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. அதை உண்டாக்குவது கிருமியல்ல, ஒரு வகைப் புரதம்; வேகவைத்தாலும் போகாது.

சரி, அடுப்படிக்கு வருவோம். வாடையில் பெரும்பங்கு கொழுப்பிலும் சவ்விலும் இருக்கிறது. ஆட்டுக்கறியில் கொழுப்புதான் ருசி. மானில் அதுதான் வில்லன். ஆறினால் மெழுகாக இறுகி அண்ணத்தில் ஒட்டும். கறி பாதி உறைந்திருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள், கத்திக்கு நன்றாகப் பிடி கொடுக்கும். வெள்ளிபோல் மின்னும் சவ்வின் ஓரத்தில் கத்தி நுனியை நுழைத்து, சவ்வை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கத்தியின் வாயைச் சவ்வுப் பக்கம் லேசாகச் சாய்த்து ஓட்டினால் கறி வீணாகாமல் உரிந்து வரும். வெள்ளையாகத் தெரியும் கொழுப்பு, ரத்தம் கட்டிய இடம், எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டி எறியுங்கள். பிறகு உப்பு போட்ட மோரில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில். மோர் ரொம்பப் புளித்திருந்தால் கறி மேலே கொழகொழத்துவிடும். ஜெர்மானியர்களும் மான் கறியை மோரில் ஊறவைப்பார்கள், நாம் மட்டுமல்ல!

முதுகுக் கறிக்கு குக்கரே ஆகாது. ஈரத்தை ஒற்றியெடுத்து, ஒன்றரை அங்குலத் துண்டாக்கி, உப்பும் மிளகும் தடவி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் நெய்விட்டு இருபுறமும் சிவக்க வாட்டி, உள்ளே இளஞ்சிவப்பு இருக்கையில் இறக்குங்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் மட்டும் முழுக்க வேகட்டும்.

முன்னந்தொடையைச் சுக்காவாக்கலாம். நல்லெண்ணெய் தாராளமாக, சின்ன வெங்காயம், மிளகு, மல்லி, சோம்பு. மூடிபோட்டு சின்னத் தீயில் 2 மணி நேரமாவது வேண்டும். கொழுப்பில்லாத கறி என்பதால் ஆட்டுக் கொழுப்பு ரெண்டு துண்டு சேர்ப்பேன். பட்டை, கிராம்பைக் கொட்டாதீர்கள். அந்த வாடையோடு சேர்ந்து மருந்து நெடி அடிக்கும். சூடாகவே பரிமாறுங்கள்.

கேள்வி: மதுரைப் பக்கம் மான் கறி கிடைக்குமா?

பதில்: கிடைத்தாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது மட்டுமல்ல, கறியை வைத்திருப்பதே குற்றம். கிடாக்கறி கொச்சை அடிக்கிறதா? மேலே சொன்னபடி கொழுப்பைக் கழித்து மோரில் ஊறவையுங்கள், பாதி வாடை அடங்கிவிடும்.