ஆயிரம் ஜன்னல் இல்லைன்னா என்ன?

கேள்வி: காரைக்குடிக்கு வர்றவங்களுக்கெல்லாம் ‘ஆயிரம் ஜன்னல் வீடு’ன்னு ஒரு வீட்டைக் காட்டுறோம். போன வாரம் மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போய் வெளியில நின்னு எண்ணினேன், ஆயிரமெல்லாம் வரவே வராது. ஒரு பொய்யைப் பேரா வச்சு ஊரை ஏமாத்தலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இதுல ஏமாந்தது யாருங்கய்யா? ஆட்டோக்காரர்கிட்ட ஆயிரம் ஜன்னல் வீட்டுக்குப் போகணும்னா அவரு நேரா அந்த வாசல்லதான் கொண்டுபோய் விடுவாரு, வேற வீட்டுக்குப் போக மாட்டாரு. பேரோட வேலை அம்புட்டுத்தான். மதுரையில ஆயிரங்கால் மண்டபத்துல இருக்கிறது 985 தூண், அதுக்காக யாரும் போர்டை மாத்தி எழுதல. ‘ஆயிரம் வேலை கெடக்கு’ன்னு ஆச்சி சொன்னா நம்ம உக்காந்து எண்ணுறோமா?

நன்னூல்ல பெயரை, காரணமில்லாம வச்சது இடுகுறி, காரணத்தோட வச்சது காரணப்பெயர்னு பிரிச்சு வச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினதோட விட்டுட்டோம், அதான் இந்தச் சண்டையெல்லாம் வருது. நாற்காலிங்கறது காரணப்பெயர், நாலு கால் இருக்கதால வந்தது. ஆனா கட்டிலுக்கும் நாலு கால், மாட்டுக்கும் நாலு கால், நாற்காலி எடுத்துட்டு வான்னா யாரும் மாட்டை ஓட்டிட்டு வர்றதில்ல. ஆபீஸ்ல இருக்க சுத்துற நாற்காலிய குனிஞ்சு பாருங்க, கீழ அஞ்சு கால் இருக்கும், அதுவும் நாற்காலிதான். காரணம் பேரைப் பெத்துப் போட்டுட்டு ஒதுங்கிக்கிது, அப்புறம் அந்தப் பேரைத் தூக்கி வளக்கிறது அதைச் சொல்லிச் சொல்லிப் பழகுன ஜனங்கதான். இங்கிலாந்துல ஜான் ஸ்டூவர்ட் மில்லுன்னு ஒரு தத்துவக்காரர் 1843-ல இதையேதான் எழுதினாரு: டார்ட் ஆறு கடல்ல கலக்கிற இடத்துல இருக்கதால ஒரு ஊருக்கு டார்ட்மவுத்னு பேரு, நாளைக்கு ஆறு திசை மாறி வேற பக்கம் போயிட்டாலும் ஊரு பேரு அப்படியேதான் இருக்கும்னு.

நம்ம வீடுகளையே எடுத்துக்கங்க. ஐயா பேரைத்தான் பேரனுக்கு வைக்கிறோம், ஒரு ஐயாவுக்கு நாலு பேரன்னா நாலு பேரும் லெட்சுமணன், அவங்கள்ல ஒருத்தரும் ராமருக்குத் தம்பி இல்ல. புருஷன் பேராச்சேன்னு அப்பத்தா கடைசி வரைக்கும் அந்தப் பேரை வாயால சொல்லாம, தம்பி, தம்பின்னே கூப்பிட்டு ஒரு புள்ளைய வளத்துருவாங்க, வளவுல அத்தனை தம்பி ஓடுனாலும் கூப்பிட்ட தம்பிதான் திரும்பிப் பாப்பான். கல்யாண வீட்ல ‘அந்தா காபி குடிக்கிறாரே, அவரு யாரு’ன்னு கேக்குறோம். டம்ளர்ல இருக்கது சுக்குத்தண்ணின்னாலும் கேட்டது யாரைன்னு பக்கத்துல இருக்கவருக்குப் புரிஞ்சிருது, பதிலும் வந்திருது. இந்த மாதிரி விஷயத்தை 1966-ல கீத் டோனெலன்னு ஒரு அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பெரிய கட்டுரையாவே எழுதி, அதை இன்னைக்கு வரைக்கும் வாதாடிக்கிட்டு இருக்காங்க.

ஆனா உங்க கோவத்துல ஒரு நியாயம் இருக்கு, அது போய்ச் சேர வேண்டிய இடம் வேற. தரையில பதிக்கிற ஆத்தங்குடி கல்லுன்னா ஆத்தங்குடிப் பக்கத்து மண்ணும் சிமெண்டும் கலர்த்தூளும் சேர்த்து, கண்ணாடி மேல கையால ஊத்தி, தண்ணியில ஊறப்போட்டு, சூளையில வைக்காம காய வச்சு எடுக்கிற கல்லு. இப்போ எங்கயோ ஃபேக்டரியில மெஷின்ல பூப்போட்ட பளபள டைல்ஸை ‘ஆத்தங்குடி டைல்ஸ்’னு பில் போட்டு விக்கிறாங்க பாருங்க, அங்க அந்தச் சொல்லு சும்மா அடையாளத்துக்கு நிக்கல, இன்ன ஊர்ல இன்ன கையால செஞ்சதுன்னு வாக்குக் குடுக்குது. அதை நம்பித்தான் ஜனம் காசு குடுக்குது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல புவிசார் குறியீடு வாங்கினதே இதுக்காகத்தான், வேற எங்கயோ நெய்ஞ்ச சேலைக்கு அந்தப் பேரை ஒட்டி நம்ம நெசவுக்காரங்க வயித்துல யாரும் அடிக்கக் கூடாதுன்னு.

அதனால அடுத்த தடவை மாப்பிள்ளை வந்தா ஜன்னலை விட்ருங்க. டைல்ஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போய், ‘இது எந்த ஊர்ல ஊத்தின கல்லு’ன்னு ரெண்டு பேருமாச் சேந்து கேளுங்க.