மியூ ரெண்டு, சண்டை ஒன்று

கேள்வி: உபுண்டுவில் ஈமேக்ஸ் என்கிற எடிட்டருக்குள் மியூ4இ (mu4e) என்கிற மெயில் வசதியை வைத்துத்தான் மெயில் பார்க்கிறேன். போன வாரம் அதற்கு வேண்டிய மியூவின் (mu) புதுப் பதிப்பை நானே கம்பைல் செய்து போட்டேன், அதிலிருந்து சர்வர் பதிப்பு ஒன்று, வேண்டியது வேறு என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. மெயிலெல்லாம் போச்சா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மெயில் அதைச் சேமித்து வைக்கிற மெயில்டிர் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது, பயம் வேண்டாம். மியூ4இ ஈமேக்ஸ் படிக்கிற வெறும் லிஸ்ப் மொழிக் கோப்புகள்தான்; தேடித் தருவது மியூ என்கிற தனி புரோகிராம், ரெண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் பேசிக்கொள்ளும். உபுண்டுவில் மென்பொருள் நிறுவுகிற ஏப்ட் போட்ட பழையதை எடுக்காமலே புதியதைப் போட்டிருப்பீர்கள், எல்லாரும் செய்கிற தப்புதான். ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தி லொகேட்-லைப்ரரி என்று அடித்து, பெயர் கேட்டால் மியூ4இ என்று கொடுங்கள். வருகிற பாதையில் யூஎஸ்ஆருக்கு அடுத்து லோக்கல் இல்லையென்றால் ஈமேக்ஸ் இன்னும் பழைய கோப்பைத்தான் எடுக்கிறது. சரி, ஏப்டில் மியூ4இ, மெயில்டிர்-யூட்டில்ஸ் (அங்கே மியூவுக்கு இதுதான் பெயர்) இரண்டையும் நீக்கிவிட்டு, ஈமேக்ஸின் அமைப்புகள் இருக்கிற இனிட் கோப்பில், லிஸ்ப் கோப்புகளைத் தேடும் இடத்தைச் சொல்கிற பழைய லோட்-பாத் வரி கிடந்தால் அதையும் தூக்குங்கள். அப்புறம் ஈமேக்ஸை முழுசாக நிறுத்தித் திறக்கணும். டீமனாக, அதாவது பின்னணியில், ஓடினால் ஜன்னலை மூடுவது போதாது, பழைய லிஸ்ப் நினைவகத்திலேயே உட்கார்ந்திருக்கும். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தது இதில்தான். அதற்குப் பிறகும் டேட்டாபேஸ் பற்றிப் புலம்பினால் டெர்மினலில் மியூ இனிட், மியூ இண்டெக்ஸ் என்று இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்.