“வரப்பை வெட்டியது யார்?” – ஆதரவு சிகிச்சையில் வி.ஆர். கண்ணாடி: கேள்வி பதில்

பேலியேட்டிவ், அதாவது ஆதரவு சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். நோய் குணமாகிறதோ இல்லையோ, வலி, மூச்சுத்திணறல், பயம், தூக்கமின்மை ஆகியவற்றிலிருந்து நோயாளிக்கு ஆறுதல் தருவது எங்கள் வேலை. ஒரு நன்கொடையாளர் புண்ணியத்தில் எங்கள் பிரிவுக்கு இரண்டு வி.ஆர். கண்ணாடிகள் வந்து சேர்ந்தன. தலையில் மாட்டிக்கொண்டால், எந்தப் பக்கம் திரும்பினாலும் வேறோர் இடத்துக்குள் இருப்பது போலக் காட்டும் கருவி அது. அவற்றை வைத்து நான் கற்றதிலிருந்தும் படித்ததிலிருந்தும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஒரு மகன், மதுரை): அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். இரவெல்லாம் வலியில் துடிக்கிறார். வி.ஆர். கண்ணாடி போட்டால் வலி குறையும் என்று செய்தியில் பார்த்தேன். வாங்கிவிடலாமா சிஸ்டர்?

பதில்: தம்பி, கண்ணாடி இருக்கட்டும். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து தொடங்கியாயிற்றா? துடிக்கிற மனிதரின் தலையில் அரைக் கிலோ கருவியை மாட்டுவது சிகிச்சை ஆகாது. மருத்துவர் எழுதும் அளவில் மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடி ஓடக் கூடாது. கணையப் புற்றுநோயின் முதுகு வலிக்கு நரம்பைத் தடுக்கும் ஊசியும் உண்டு, அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கி வைப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. அப்பாவை அழைத்துப் போக முடியாவிட்டால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். அப்பா ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கி எழட்டும், அதன் பிறகு கண்ணாடியைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி (நர்சிங் மாணவி, வேலூர்): காட்சி பார்ப்பதால் வலி எப்படிக் குறையும்? மனப்பிரமைதானே?

பதில்: பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. வலிச் செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைத் தாண்டித்தான் மேலே போகிறது, அந்த வாயிலை மூளையும் ஓரளவு சாத்த முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் சொன்னார்கள். கவனம் முழுவதும் வேறிடத்தில் இருந்தால் வலிக்குக் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தீக்காயப் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நோயாளிகளைப் பனி உலகம் ஒன்றுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பெங்குவின்கள் மேலும் பனிமனிதர்கள் மேலும் பனி உருண்டை வீச வேண்டும். வெந்த தோலுக்குப் பனியைக் கொடுத்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். வலி தொடர்பான மூளைப் பகுதிகளின் இயக்கமே அப்போது குறைவதை 2004-இல் ஸ்கேனில் காட்டினார்கள்.

ஆனால் கட்டு மாற்றுவது அரை மணி வேலை. எங்கள் நோயாளிகளின் வலி நாள் முழுவதும் கூடவே இருப்பது. அவர்களைப் போன்றவர்களிடம் செய்த சோதனையாக, புற்றுநோய் வலியோடு மருத்துவமனையில் இருந்த 128 பேரிடம் அமெரிக்காவில் நடத்தியதைச் சொல்லலாம், 2024-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு 10 நிமிடம் வி.ஆர்., மீதிப் பேருக்குக் கைக்கணினித் திரையில் காட்சி. இரு பக்கமும் வலி குறைந்தது, கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது, மறுநாளும் வித்தியாசம் தெரிந்தது. வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறிக்கும் அளவில், அவர்களுக்குக் குறைந்த அளவு சுமார் ஒன்றரைப் புள்ளி. ஏழில் இருப்பவர் ஐந்தரைக்கு வந்தால் எழுந்து உட்கார்ந்து பேரனோடு பேசுவார். மாத்திரையை நிறுத்திவிட மாட்டார்.

கேள்வி (ஒரு மருமகள், ஈரோடு): அத்தைக்கு எதைக் காட்டலாம்? கடல், அருவி, மலை என்று நிறையக் காட்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே?

பதில்: நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். கண்ணாடி வந்த புதிதில் ஓர் அம்மாவுக்குக் கடற்கரையைப் போட்டேன். அலையும் தென்னையும் எல்லாருக்கும் அமைதி தரும் என்பது என் எண்ணம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடுங்கி மடியில் போட்டுவிட்டார். அவர் நாகப்பட்டினம் பக்கம் மீனவக் குடும்பம். 2004 டிசம்பர் 26 அன்று காலை கரையில் இருந்தவர். சொந்த ஊர் எது என்பது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் படித்துமிருந்தேன்.

அன்றிலிருந்து கண்ணாடியை எடுப்பதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எங்கே போக ஆசை?” என்று கேட்கிறேன். “எங்கேயும் வேண்டாம்” என்பதும் சரியான பதில்தான். ஜப்பானில் நோய் முற்றிய 20 புற்றுநோயாளிகளைக் கூகுள் எர்த் வழியாக அரை மணி நேரப் பயணம் அழைத்துப் போய் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வலி, சோர்வு, மூச்சுத்திணறல், பதற்றம் எல்லாமே குறைந்தன. இதுவரை பார்க்காத இடத்துக்குப் போனவர்களைவிட நினைவில் நிற்கும் இடத்துக்குத் திரும்பிப் போனவர்களுக்குப் பலன் அதிகம். சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனாலும் நான் வார்டில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. சுவிட்சர்லாந்து கேட்டவர்கள் எங்கள் பிரிவில் குறைவு. பிறந்த வீட்டுத் தெரு, படித்த பள்ளி, குலதெய்வக் கோயில், இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

கேள்வி (அதே மருமகள்): எங்கள் ஊர்க் கோயிலெல்லாம் இணையத்தில் இருக்காதே?

பதில்: இருக்காது, நீங்களே எடுக்க வேண்டும். எல்லாப் பக்கமும் பதிவாகும் 360 டிகிரி கேமரா ஒன்றை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள். முக்காலியில் வைத்து, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் நான்கடியில் நிறுத்துங்கள். படுத்தோ சாய்ந்தோ பார்ப்பவருக்கு ஆளுயரக் காட்சி அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், தலை சுற்றும். ஆட்கள் நான்கைந்து அடி தள்ளி நிற்கட்டும், ஒட்டி நின்றால் முகம் நடுவில் வெட்டுப்படும். நான்கு நிமிடம் போதும். சத்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள், பின்னணி இசை சேர்க்காதீர்கள்.

ஒரு பெரியவருக்கு அவர் மகன் இப்படித்தான் வயலை எடுத்துவந்தார். நுரையீரல் புற்றுநோய், நான்கு மாதமாக நிலத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டியதும் அழுவார் என்று நாங்கள் எல்லாரும் கைக்குட்டையோடு நின்றோம். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். “டேய், அந்த வரப்பை வெட்டியது யார்?” பக்கத்து நிலத்துக்காரர் ஓரடி உள்ளே வந்திருந்தார். மகனுக்கு அது வீடியோ எடுக்கும்போதுகூடத் தெரியவில்லை. பிறகு அரை மணி நேரம் ஆக்சிஜன் குழாயோடு மகனுக்கு அர்ச்சனை. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறிக்க வேண்டியது என் கடமை. அன்று கேட்கத் துணியவில்லை.

கேள்வி (ஒரு மகள், திருச்சி): தலைசுற்றல், வாந்தி வரும் என்கிறார்களே? யாருக்கெல்லாம் கூடாது?

பதில்: கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லை’ என்கிறது. அந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. அசையாத காட்சியாக 5 நிமிடத்தில் தொடங்குங்கள். மார்ஃபின் தொடங்கிய முதல் சில நாட்களில் எப்படியும் குமட்டல் இருக்கலாம், அப்போது வேண்டாம். வலிப்பு வந்தவர்களுக்கு வேண்டாம். ஆள், இடம் புரியாமல் குழம்பியிருப்பவருக்குக் கண்டிப்பாக வேண்டாம், குழப்பம் கூடும். கழுத்தெலும்பில் நோய் பரவியிருந்தால் எடை ஆபத்து, குவெஸ்ட் 3 என்ற கருவியே 515 கிராம். வெளிநாட்டுக் கட்டுரைகளில் அதிகம் பார்க்க முடியாத ஒன்றும் இங்கே உண்டு. நம்மிடம் வாய், கன்னப் புற்றுநோய் அதிகம். முகத்தில் ஆறாத புண் இருப்பவருக்குப் பட்டை அழுந்தும், மூடிய கண்ணாடிக்குள் புண்ணின் வாடை அவருக்கே தாங்காது. அவர்களுக்குச் சுவரில் புரொஜெக்டரால் காட்டுகிறோம். பலன் குறைவுதான், ஆனால் மனைவியும் கூட உட்கார்ந்து பார்க்கலாம்.

கேள்வி (சிறு மருத்துவமனை ஊழியர், சேலம்): ஒரே கண்ணாடியைப் பலருக்குப் போடலாமா?

பதில்: முகம் படும் பஞ்சைக் கழற்றிவிட்டுத் துடைக்கக்கூடிய சிலிகோன் உறை போடுங்கள். ஆளுக்கொரு காகித மறைப்பு. லென்ஸில் ஸ்பிரிட் படக் கூடாது, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். தொற்றுக்காகத் தனி அறையில் இருப்பவருக்கு வேண்டாம்.

கேள்வி (பெயர் சொல்ல விரும்பாதவர்): அப்பா போன ஆண்டு இறந்துவிட்டார். இப்போது அம்மாவும் கடைசிக் கட்டத்தில். அப்பாவின் படங்களையும் குரலையும் வைத்து அவரை வி.ஆரில் உருவாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: 2020-இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, இறந்த சிறு மகளை இப்படி உருவாக்கித் தாயின் முன் நிறுத்தியது. உலகம் முழுக்கப் பார்த்துக் கலங்கினார்கள், சண்டையும் போட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். அப்பா சொல்லாத சொல்லை அப்பாவின் வாயில் வைப்பார்கள். அம்மா ஏதாவது கேட்டால் அந்த உருவம் என்ன பதில் சொல்லும்? அவர் பேசிய பழைய கல்யாண வீடியோ இருந்தால் அதை அப்படியே போடுங்கள், இருமல், இரைச்சல் எல்லாவற்றோடும்.

கேள்வி (ஒரு தன்னார்வலர், கோவை): பார்க்கும்போது நோயாளி அழுதால் நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: தோளில் கை வைத்து, “நிறுத்தட்டுமா?” என்று கேளுங்கள். பலர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடாதீர்கள். கழற்றியதும் அவர் முதலில் பார்க்கும் முகம் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து வார்டுக்குத் திரும்பும் அந்த நொடி கடினமானது.

கேள்வி (மறுபடி மதுரை மகன், இரண்டு வாரம் கழித்து): மார்ஃபினில் அப்பா தூங்குகிறார், நன்றி சிஸ்டர். கடைசி நாட்கள் வந்தால் கண்ணாடி போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கண் திறக்க முடியாதவருக்குக் கண்ணாடி பாரம்தான். ஒலியை மட்டும் தலைமாட்டில் மெதுவாக வையுங்கள். வரப்புப் பெரியவரின் மகன் அந்த வயல் வீடியோவைப் போனில் போட்டுத் தலையணை ஓரம் வைத்தார். பம்புசெட் ஓடும் சத்தம், நடுவில் ஒரு செம்போத்து. நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் மனைவி மறுபடி போடச் சொன்னார்.