அப்பாவின் தோளை எந்த டாக்டரிடம் காட்டுவது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறி, கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். கை இன்னும் தொங்கலாகத்தான் இருக்கிறது. விரல்கள் மட்டும் இப்போது மடங்க ஆரம்பித்திருக்கின்றன. இரண்டு மாதமாக இடது தோளில் தாங்க முடியாத வலி. நரம்பு டாக்டர் "இது மூட்டுப் பிரச்சினை" என்கிறார். எலும்பு டாக்டர் "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, பக்கவாதத்தால் வரும் வலி" என்று திருப்பி அனுப்புகிறார். பயிற்சி என்றாலே அப்பா அழுகிறார். கட்டாயப்படுத்துவதா, விட்டுவிடுவதா? நன்றாக இருந்த வலது முழங்காலும் இப்போது வலிக்கிறதாம். இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கினாலும் எடுத்து வைப்பதில்லை. அக்கறையே இல்லையோ என்று எனக்குக் கோபம் வருகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் கோபத்தை விட்டுவிடுங்கள், அம்மா. இடது பக்கம் விழுந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் மூளையின் வலது பாதி அடிபட்டிருக்கிறது. அப்படி அடிபட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. தட்டின் இடது பாதியில் இருப்பதைச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள். கை தொங்குவதும், சக்கர நாற்காலியின் சக்கரத்தில் மாட்டுவதும், அதன் மேலேயே படுத்திருப்பதும் அவர்களுக்கு உறைக்காது. உங்கள் அப்பாவின் தோள் கெட்டதில் இதற்கும் பங்கு இருக்கலாம். அவர் கண்ணில் படும்படி அந்தக் கையை மடியிலோ மேசையிலோ வைத்துப் பழக்குங்கள். பேசும்போது இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் ஆளுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்டது உங்கள் அப்பா.

தோள்மூட்டில் குழி மிகவும் ஆழம் குறைந்தது. கை எலும்பின் உருண்டைத் தலை, தட்டில் வைத்த பந்து போலத்தான் அதில் உட்கார்ந்திருக்கிறது. அதை நழுவாமல் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகள். மூளையிலிருந்து உத்தரவு வராதபோது அந்தப் பிடி தளர்ந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். அந்த பாரம் இரவு பகலாக ஜவ்விலும் நாரிலும் தொங்கினால் பந்து மெல்லக் கீழே இறங்கிவிடும். தோள் முனைக்குக் கீழே விரல் வைத்துப் பாருங்கள். வலது தோளில் இல்லாத ஒரு பள்ளம் இடது தோளில் தட்டுப்படலாம். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இந்த இறக்கம் தெரியாமல் போக வாய்ப்புண்டு. உட்கார வைத்து, கையைத் தொங்கவிட்டு எடுத்தார்களா என்று கேளுங்கள். இந்த வயதில் தோள் தசைநார்கள் ஏற்கெனவே தேய்ந்தோ கிழிந்தோ இருக்கலாம் என்பதால் அல்ட்ராசவுண்டும் பார்ப்பது நல்லது.

இது தளர்ச்சியால் வரும் சேதம். சில வாரங்களில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் சேர்ந்துகொள்ளும். விரல்கள் மடங்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அது தசை இறுக்கத்தின் தொடக்கம். மார்புத் தசையும் தோள்பட்டை எலும்பின் உட்பக்கத் தசையும் இறுகி, கையை உடம்போடு ஒட்டி உள்பக்கமாகத் திருப்பும். அசையாத மூட்டின் உறை சுருங்கும். அதை அசைத்தால் வலிக்கும். அந்த வலி தண்டுவடத்துக்குப் போனதும் தசை இன்னும் இறுகும். இதை அடக்கி வைக்க வேண்டிய மூளையின் பிடிதான் தளர்ந்திருக்கிறதே. இறுக்கம் கூடினால் வலியும் கூடும். நரம்பு நோய் எங்கே முடிகிறது, மூட்டு நோய் எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு போட முடியாது.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயப்படுத்தாதீர்கள், விட்டுவிடவும் செய்யாதீர்கள். முதலில் வலியை அடக்க வேண்டும், பயிற்சி அதற்கு அப்புறம். வலி மாத்திரை போட்டு, அது வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி வைத்தால் பாதி அழுகை நின்றுவிடும். இறுக்கம்தான் பெரிய காரணம் என்றால் அந்தத் தசையில், அதைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடலாம். ஏறக்குறைய 3 மாதம் தாங்கும். மூட்டு உறை சுருங்கியிருந்தால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி உதவும். வலி எரிச்சலாக இருக்கிறதா, துணி பட்டாலே துடிக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படி என்றால் அது மூளையிலிருந்தே கிளம்பும் வலியாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. கைவிரல்களும் மணிக்கட்டும் வீங்கி, தோல் பளபளத்து, நிறம் மாறினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இப்படிப்பட்டவர்களைக் கப்பியில் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேல் தூக்க வைத்திருக்கிறேன். அவர்கள் வலிக்கிறது என்று சொன்னபோது உற்சாகப்படுத்தியிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது. தோள்பட்டை எலும்பு கூடவே நகராமல் கையை மட்டும் மேலே இழுத்தால், பந்துக்கும் மேலெலும்புக்கும் நடுவில் தசைநார் நசுங்கும். யாராவது உங்கள் வீட்டில் கப்பி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். 90 டிகிரிக்கு மேல் கையைத் தூக்குவதை, தோள்பட்டையைப் பிடித்து நகர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் மட்டும் செய்யட்டும்.

இன்னொன்று, வீட்டில் அவரைத் தூக்கிவிடுவது யார், எப்படி? பாசத்தோடு அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். இளகிய மூட்டுக்கு இது மிகவும் கெடுதல். இடுப்பைப் பிடித்தோ, இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்தோ எழுப்புங்கள். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை. கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் தூளி நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்கக் கட்டிவைத்தால் மடங்கிய நிலையிலேயே கை இறுகிவிடும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

வலது முழங்கால் வலிப்பதில் வியப்பில்லை. எழுவது, நிற்பது, திரும்புவது எல்லாவற்றுக்கும் இரண்டு காலின் வேலையையும் அது ஒன்றே செய்கிறது. அங்கே கொஞ்சம் தேய்மானம் முன்பே இருந்திருந்தால் இப்போது வெளிப்படும். நாற்காலியை உயரமாக்குங்கள். எழும்போது இடது பாதத்தை வலது பாதத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து எழப் பழக்கினால் இடது காலும் பாரம் சுமக்கும். இடது பாதத்தின் முன்பகுதி தரையில் உரசினால் கணுக்காலுக்குப் பட்டை அளவெடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இடது கால் பாரம் சுமப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. எலும்பு, தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று யூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே எழுதிவைத்தார். பாரமே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி இழக்கிறது. விழுந்த பக்கத்து எலும்புக்கும் அதே கதிதான். தடுமாறி விழுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கமே என்பதால் இடுப்பு முறிவு அங்கேதான் அதிகம். அவர் இடது பக்கமாக விழுந்துவிட்டால், "பெரிதாக வலிக்கவில்லை" என்று அவர் சொன்னாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

யாரிடம் போவது? மறுவாழ்வு மருத்துவர் கிடைத்தால் அவர்தான் முதல் ஆள். நரம்பையும் மூட்டையும் சேர்த்துப் பார்ப்பதே அவர் படிப்பு. கிடைக்காவிட்டால் நரம்பு டாக்டரிடமே திரும்பப் போய், எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாகப் போனால் மறுபடியும் திருப்பித்தான் அனுப்புவார்கள். அப்பா எழுவதையும் நடப்பதையும் சட்டை மாற்றுவதையும் போனில் இரண்டு நிமிடம் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரின் அறையில் அவர் உட்கார்ந்தேதான் இருப்பார். வீட்டில் அந்தத் தோள் படும் பாடு அவர்கள் கண்ணில் படவே படாது.