தரங்கம்பாடியை எங்கிருந்து பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருந்தோம். கோட்டை, இரண்டு தேவாலயங்கள், ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் சிலை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முதல் தமிழ் நூல் அச்சான ஊர் இது என்று மகளுக்குச் சொன்னேன். "அப்போ இது டேனிஷ்காரங்க கட்டின ஊராப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. நாங்கள் பார்க்காமல் விட்டது என்ன?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

அவர்கள் கட்டியது கோட்டையைத்தான். ஊர் அதற்கு முன்பே இருந்தது.

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்திருந்தால் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. டேனிஷ்காரர்கள் வந்து இறங்கியது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. சுற்றுலா வருகிறவர்கள் பலர் இந்தக் கோயிலை ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

1620-இல் ஓவ கெட்டே என்ற டேனிஷ் தளபதி தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய பொன்னோலை இன்னமும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டை கட்ட இடம் கிடைத்தது, ஆனால் தஞ்சைக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறியபோது தஞ்சைப் படை வந்து முற்றுகையிட்டது. அதாவது அவர்கள் இங்கே குடியிருந்தது வாடகைக்கு.

இந்த ஊரின் கதையில் நான் மிகவும் விரும்பும் பகுதி இனிமேல்தான் வருகிறது. ஐரோப்பாவில் நடந்த போர்களால் டென்மார்க் நொடித்துப்போனது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. 1655 வாக்கில் ஊரில் மிஞ்சியிருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருவர். காங்ஸ்பாக்கே என்ற அந்த மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கொடியை இறக்கவில்லை. வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து, சரக்கை விற்று, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். அப்போதைய தஞ்சை நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். 1669-இல் தாய்நாட்டுக் கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டை அவர் கையில்தான் இருந்தது. சரி, ஒற்றை ஆள் ஒரு கோட்டையைக் காப்பாற்ற முடியுமா? உடன் நின்றவர்கள் இந்த மண்ணின் ஆட்களும் போர்ச்சுகீசிய வழி வந்தவர்களும். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கோட்டை மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அச்சு விஷயத்தில் ஒரு திருத்தம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. தரங்கம்பாடியின் பெருமை வேறு: 1715-இல் இங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு, இந்திய மொழி ஒன்றில் வந்த முதல் புதிய ஏற்பாடு. அதை மொழிபெயர்த்தவர் சீகன்பால்கு. 1706-இல் வந்திறங்கிய அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். இங்கிருந்த டேனிஷ் அதிகாரியே அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார். தென்னிந்தியக் கடவுள்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஐரோப்பாவில் அச்சிட மறுத்துவிட்டார்கள், அது வெளிவந்தது 1867-இல். 1719-இல் இறந்த அவருடைய கல்லறை, அதற்கு முந்தைய ஆண்டு அவரே கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது.

1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகமும் அங்கே போய்விட்டது. வணிகர் போன பிறகு ஊரில் நிலைத்தவர்கள் மீனவர்கள். 2004 சுனாமியில் பெரிய இழப்பும் அவர்களுக்குத்தான். கோட்டையின் கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை காலை வெயிலுக்கு முன் மாசிலாமணிநாதரிடம் தொடங்குங்கள். அப்புறம் கோல்ட்ஸ்மித் தெரு. சுனாமிக்குப் பிறகு பழைய முறையிலேயே திண்ணையும் ஓடுமாகச் சீர்செய்த தமிழ் வீடுகள் அங்கே இருக்கின்றன. அதன் பிறகு 1792-இல் கட்டிய நகர வாயிலுக்கு வந்து, ராஜ வீதி வழியாகக் கிழக்கே நடந்தால் இரண்டு தேவாலயங்களும் வழியிலேயே வரும். கோட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பக்கத்துப் பொறையாருக்கும் போய்வாருங்கள். தரங்கம்பாடி அச்சகத்துக்காகக் காகித ஆலை வைத்த ஊர் அது.