டிரம்ஸ் இல்லாத ரயில் சத்தம்: ‘ஐ வாக் த லைன்’ கேள்வி பதில்

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1956-ல் பாடிய ‘ஐ வாக் த லைன்’ பாட்டின் வரலாறு பற்றியும் அதை வாசிப்பது பற்றியும் வந்த கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: இதை அவர் பின்னால் மணந்த பாடகி ஜூன் கார்ட்டருக்காகத்தானே எழுதினார்? கேஷைப் பற்றி 2005-ல் வந்த ‘வாக் த லைன்’ படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோணுது.

பதில்: இல்லை. தேதிகளை வரிசையாக வைத்தாலே விளங்கிவிடும். கேஷ் 1954 ஆகஸ்டில் விவியன் லிபர்ட்டோவை மணந்தார். பாட்டு பதிவானது 1956 ஏப்ரல் 2. ஜூன் கார்ட்டரை நாஷ்வில்லில், கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற இசை நிகழ்ச்சியின் மேடைக்குப் பின்னால் சந்தித்தது அதற்குப் பிறகு, அந்த ஆண்டுக் கோடையில். அவர்கள் கல்யாணம் 1968-ல். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன இளைஞன், வீட்டில் இருக்கும் மனைவிக்குக் கொடுத்த வாக்குதான் இந்தப் பாட்டு. அந்த மனைவி விவியன். இதை மாற்றிச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: ‘லைன்’ என்றால் இங்கே என்ன? ரயில் பாதையா?

பதில்: ரிதம் ரயில் மாதிரி ஓடுவதால் பலரும் அப்படி நினைக்கிறார்கள். பொருள் அது இல்லை. போட்ட கோட்டைத் தாண்டாமல் ஒழுங்காக நடப்பேன் என்பதுதான். கேஷ் முதலில் வேறு தலைப்பு வைத்திருந்தார். கூடப் பயணம் செய்த பாடகர் கார்ல் பெர்கின்ஸ்தான் இந்த வரியையே தலைப்பாக்கச் சொன்னார். டெக்ஸஸில் கிளேட்வாட்டர் என்ற சிற்றூரில், மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய பாட்டு.

கேள்வி: டேப்பைத் தலைகீழாக ஓட்டியதில் பிறந்த மெட்டு என்கிறார்களே, உண்மையா சார்?

பதில்: கேஷே சொன்னதுதான். அவர் விமானப்படையில் ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க்கில் இருந்தபோது சொந்தமாக ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். யாரோ டேப்பை மாற்றிச் சுற்றிவிட, கிட்டார் பின்னோக்கி ஒலித்தது. அந்த விநோதமான கார்ட் வரிசை மனதில் தங்கிவிட்டது என்றார். ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: டேப்பிலிருந்து கிடைத்தது கார்ட் நகரும் விதம் பற்றிய ஒரு பொறி மட்டுமே. சொற்கள் பல ஆண்டு கழித்து வந்தவை.

கேள்வி: ஒவ்வொரு சரணத்துக்கும் ஸ்கேல் மாறுகிறதே, இதை நம் கிரகபேதம் என்று சொல்லலாமா?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் சொல்ல முடியாது. ஐந்து சரணங்களின் ஸ்கேல் வரிசை இது: எஃப், பி ஃப்ளாட், இ ஃப்ளாட், மறுபடி பி ஃப்ளாட், கடைசியில் எஃப். போகும்போது ஒவ்வொரு முறையும் பழைய ‘ம’ புது ‘ஸ’ ஆகிறது. கிரகபேதம் என்றால் சுரங்கள் அப்படியே இருக்க, ஆதாரம் மட்டும் நகர வேண்டும். சங்கராபரணத்தின் மத்யமத்தை ஸட்ஜமாகக் கொண்டால் கல்யாணி பிறக்கும். இங்கே அது நடப்பதில்லை. எஃப்-பில் இருந்த ‘இ’ என்ற சுரம் பி ஃப்ளாட்டில் ‘இ ஃப்ளாட்’ ஆகிவிடுகிறது. அதனால் மெட்டு மேஜராகவே, நம் கணக்கில் சங்கராபரணமாகவே, இடம் மட்டும் பெயர்கிறது. ஒப்பிட வேண்டுமென்றால் புன்னாகவராளி, குறிஞ்சி போன்றவற்றை மத்யம சுருதியில், அதாவது ‘ம’வையே ‘ஸ’வாக வைத்து, பாடுவதைச் சொல்லலாம். அதுவும் ஓரளவுக்குத்தான்.

சரணத்துக்கு முன்னால் வரும் அந்த ‘ம்ம்ம்’ முனகலை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். புது ‘ஸ’வைத் தொண்டையில் பிடித்துக்கொள்ளும் வேலை அது. ஐந்தாவது சரணம் முதல் சரணத்தின் சொற்களேதான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. அங்கே கீழ் சுரம் எட்டாவிட்டால் முழுப் பாட்டையும் இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் கட்டம்) உயர்த்துங்கள். ஸ்தாயியை மட்டும் மாற்றிப் பாடினால் பாட்டின் முடிவே போய்விடும்.

கேள்வி: அண்ணா, கிட்டாரில் வாசிக்கும்போது நாலாவது சரணத்தில் எப்போதும் தடுமாறுது. ஏன்?

பதில்: தடுமாற வைக்கிற இடம்தான் தம்பி. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு இ, ஏ, டி வடிவங்களில் வாசித்தால் ரெக்கார்டின் ஸ்கேல் வந்துவிடும். முதல் சரணம்: பி செவன், இ, பி செவன், இ, ஏ, இ, பி செவன், இ. கவனியுங்கள், சரணம் ‘ஸ’ கார்டில் தொடங்குவதில்லை, ‘ப’ கார்டில் தொடங்குகிறது. முதல் சரணம் ‘இ’-யில் முடிகிறது. ஏ ஸ்கேலில் வரும் இரண்டாவது சரணம் தொடங்க வேண்டியதும் அதே ‘இ’. அது ‘ஏ’-யில் முடியும், டி ஸ்கேலின் மூன்றாவது சரணமும் ‘ஏ’-யில்தான் தொடங்கும். ஆகவே போகும் வழியில் முடிவே தொடக்கம், கை தானாகப் போய்விடும்.

திரும்பும் வழியில் அந்த வசதி கிடையாது. மூன்றாவது ‘டி’-யில் முடியும், நாலாவது ‘இ’-யில் தொடங்கணும். நாலாவது ‘ஏ’-யில் முடியும், ஐந்தாவது ‘பி செவன்’-னில் தொடங்கணும். இந்த இரண்டு இடங்களில் இடை இசையின்போதே புது ஸ்கேலின் ‘ஸ’ கார்டைப் பிடித்து, அதன் மேல் முனகி, பிறகு சரணத்துக்குள் போங்கள். அந்த இரண்டு இணைப்புகளை மட்டும் தனியாக இருபது முறை வாசித்தால் சரியாகிவிடும்.

கேள்வி: டிரம்ஸ் யார் வாசித்தது?

பதில்: யாருமே இல்லை. கேஷின் அக்கூஸ்டிக் கிட்டார், லூதர் பெர்கின்ஸின் ஃபெண்டர் எஸ்கொயர், மார்ஷல் கிராண்டின் ஆளுயர பேஸ், அவ்வளவுதான். ஸ்நேர் டிரம் மாதிரி கேட்கும் ‘சக்’ சத்தம், கேஷ் கிட்டார் கம்பிகளுக்கு நடுவே செருகிய காகிதத்திலிருந்து வருகிறது.

நீங்கள் செய்து பார்க்க: ஏறக்குறைய மூன்று செ.மீ. அகலம், எட்டு செ.மீ. நீளத்தில் எழுதும் தாளை இரண்டாக மடித்து, ஒரு கம்பிக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் பின்னுவது போலக் கோக்கவும். அட்டை வைத்தால் சுரமே செத்துவிடும், டிஷ்யூ கிழிந்துவிடும். தாள் ஃப்ரெட்டை அழுத்தினால் கம்பி அதிரும், அப்படியானால் கொஞ்சம் தளர்த்துங்கள். லூதரின் பகுதிக்குக் காகிதம் வேண்டாம். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே கம்பிகள் மேல் வைத்து, கீழ்சுரக் கம்பிகளில் ஒற்றைச் சுரங்களாக வாசித்தால் போதும். வேகமாக வாசித்துக் காட்டுவது இந்தப் பாட்டுக்கு விரோதம்.

கேள்வி: அந்தக் குரலில் வரும் எதிரொலி?

பதில்: மெம்ஃபிஸ், 706 யூனியன் அவென்யூவில் இருந்த சன் ஸ்டுடியோவில் அதன் உரிமையாளரும் தயாரிப்பாளருமான சாம் ஃபிலிப்ஸ் கையாண்ட டேப் எதிரொலி. இரண்டாவது ஆம்பெக்ஸ் டேப் மெஷினில் பதிவுத் தலைக்கும் வாசிப்புத் தலைக்கும் உள்ள இடைவெளிதான் தாமதம். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடி, இடைவெளி 2 அங்குலம் என்றால் சுமார் 0.13 நொடி. உங்கள் மென்பொருளில் 130 மில்லிசெகண்ட், ஒரே ஒரு மறுஒலி என்று வையுங்கள். இரண்டாவது மறுஒலி வந்தால் சொற்கள் குழம்பிவிடும்.

கேள்வி: மெதுவான பாட்டாக இருந்தது என்று படித்தேன்.

பதில்: கேஷ் மனதில் இருந்தது மெதுவான பாட்டு. வேகமாக ஒருமுறை எடுக்கச் சொன்னவர் சாம் ஃபிலிப்ஸ், வெளியிட்டதும் அதையே. கேஷ் அதை முதலில் கேட்டதே ரேடியோவில். பிடிக்காமல், இனி ரெக்கார்டுகளை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஃபிலிப்ஸ் முடிவுதான் சரி. மெதுவாகப் பாடிப் பாருங்கள், வாக்குறுதி புலம்பலாக மாறிவிடுகிறது.

கேள்வி: பட்டியலில் சிலர் முதலிடம் என்கிறார்கள், சிலர் இரண்டாமிடம் என்கிறார்கள்.

பதில்: இரண்டும் சரி. அப்போது அமெரிக்க இசை இதழான பில்போர்டில் கன்ட்ரி இசைக்கு, அதாவது கேஷ் பாடிய அமெரிக்கக் கிராமிய பாணிக்கு, மூன்று பட்டியல்கள்: கடை விற்பனை, ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் பெட்டி), ரேடியோ. ஜூக்பாக்ஸில் ஆறு வாரம் முதலிடம், விற்பனையில் இரண்டாமிடம். பாப் பட்டியலிலும் முதல் 20-க்குள் வந்தது.

கேள்வி: எந்தப் பதிவைக் கேட்க வேண்டும்?

பதில்: 1956 மே 1-ல் வந்த சன் பதிவு, மோனோவில். கொலம்பியா நிறுவனத்துக்குப் போன பிறகு 1964-ல் மறுபடி பாடி ஒரு ஆல்பத்துக்கே இந்தப் பெயர் வைத்தார். 1969 சான் க்வென்டின் சிறைக் கச்சேரிப் பதிவும் இருக்கிறது. அதில் கிட்டார் பாப் வூட்டன், லூதர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். டபிள்யூ. எஸ். ஹாலண்டின் டிரம்ஸும் அதில் உண்டு, அதனால் காகிதத்தின் சத்தத்தை அங்கே தேட வேண்டாம்.